நார்விக்கில் இறங்கிவிடு

போர்ட் கிளாஸ்கோ,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள ரோரிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவோம். இன்று அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நலமா, ரோரி?

கிர்ஸ்டிக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள். போர்ட் டால்பட்டிலிருந்து நீ போட்ட அட்டையின் ஓரத்தை மென்றே தின்றுவிட்டாள். உன் தடித்த கம்பளிச் சட்டை அலமாரியிலேயே கிடக்கிறது. வடக்கே போகிறவன் இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறானே என்று ஒரு மூச்சு திட்டினேன். நிலக்கரி இந்த வாரமும் பாதிக்குப் பாதி ஈரம், புகைதான் வருகிறது. கீழ்வீட்டு பெல்லா தன் பங்கிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பெல்லாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதை நார்வேயில் உங்கள் நார்விக் துறைமுக ஏஜென்டின் விலாசத்துக்கு விமானத் தபாலில் அனுப்புகிறேன். நீ போய்ச் சேரும்போது இது உனக்காக அங்கே காத்திருக்க வேண்டும். வழக்கம்போல் கப்பல் கட்டும் யார்டின் தபால் பையில் சேர்க்கவில்லை. ஏன் என்று படித்தால் தெரியும். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

வியாழக்கிழமை அப்பா வந்தார். காரில் இல்லை, பஸ்ஸில். யார்டின் மேனேஜிங் டைரக்டர் தலையில் தொப்பியோடு, மீன் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டே வந்திருக்கிறார். படிக்கட்டில் பெல்லா பார்த்துவிட்டு, “என்ன சார், பெட்ரோல் தீந்துபோச்சா, இல்ல உங்களையும் வேலையவிட்டு நிறுத்திட்டாங்களா?” என்று கேட்டாளாம். அவர் சிரிக்கவே இல்லை என்று அவளுக்கு வருத்தம்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். கிர்ஸ்டியை நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து, மேஜையில் வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தார். ஒரு வெல்டிங் குச்சி. கொஞ்சமும் உருகாதது. அதன் மேல்பூச்சுகூட அப்படியே இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. “இது ஹன்னாவோட வயித்துக்குள்ள இருந்துச்சு, கண்ணு” என்றார்.

ஹன்னா டன்பார் கப்பலின் சேதி உனக்கு வந்திருக்காது. யாருக்கும் வரவிடவில்லை. நீ போகிற லிலியஸ் கப்பலின் அக்காவாயிற்றே அவள். அதே வரைபடம், அதே முதலாளி, அவள் நீரில் இறங்கிய பிறகு அதே கட்டுதளத்தில் இவளைக் கட்டத் தொடங்கினார்கள். அடியில் நீர் கசிகிறது என்று ஹன்னாவைப் பழுதுபார்க்க உலர்துறையில் ஏற்றியிருக்கிறார்கள். தகடும் தகடும் சேருகிற ஒரு தையலை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெல்டிங் இல்லை. இடுக்கில் குச்சிகளை வரிசையாகப் படுக்க வைத்து, மேலே மட்டும் ஒரு வரி உருக்கி ஊற்றி, பெயின்ட் அடித்து மூடியிருக்கிறது. அப்பா ராத்திரி ரயிலேறிப் போய், தொட்டிக்குள் இறங்கி, தன் கையால் பிடுங்கிப் பார்த்தாராம். “பெட்டிக்குள்ள பென்சில் அடுக்கின மாதிரி இருந்துச்சு. ஒண்ணை இழுத்தேன், சும்மா வந்துருச்சு” என்றார்.

லிலியஸ் எப்படி என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: “அதே ஆளுங்க. அதே குளிர்காலம். அதே கூலி.”

தொப்பி வைத்த அப்பாவை, எக் கார்ஸ்வெல்லைத்தான், உனக்குத் தெரியும், ரோரி. நீ யார்டில் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே மாடி அலுவலகத்தில் இருந்தார். அன்று அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டே அவர் பேசியதில், எனக்கே தெரியாத பாதி இருந்தது. தாத்தா கப்பல் தகடுகளில் ரிவிட் ஆணி அடிக்கிறவர், சம்மட்டிச் சத்தத்தில் நாற்பது வயதுக்குள் காது போனவர் என்பது உனக்குத் தெரியும். அப்பாவும் பதினாலு வயதில் அதே கூட்டத்தில் ரிவிட் காய்ச்சப் போனார். பிறகு ராத்திரிப் பள்ளிக்கூடம், வரைபட அறை, யுத்தம். யுத்தத்தில் அமெரிக்காவில் கப்பலை எப்படி ஒட்டவைக்கிறார்கள் என்று பார்த்துவரச் சிலரை அனுப்பினார்கள். அவர்களில் அப்பா ஒருவர். போனவர் ஏதோ தரிசனம் கண்டவர் போலத் திரும்பி வந்தார் என்பாள் அம்மா. இனிமேல் ரிவிட் கிடையாது, எல்லாம் வெல்டிங் என்று அவர் சொன்னதும் யார்டே காறித் துப்பியிருக்கிறது. ‘பசைச்சட்டி எக்’ என்று பெயர் வைத்தார்கள். சாப்பாட்டு மேஜையில் தாத்தா ஒரு வார்த்தைகூட நேராகப் பேசமாட்டாராம். பாட்டியைப் பார்த்துத்தான், “உன் மகனைக் கேளு, இன்னிக்கு எத்தனை கப்பல ஒட்டினான்னு” என்பாராம்.

அப்பா விடவில்லை. வெல்டர்களுக்கு அப்போது நாள் கூலி. நாளெல்லாம் டீ குடிப்பார்கள். அப்பாதான் அடிக்கு இவ்வளவு என்று கூலியை மாற்றினார். எவ்வளவு நீளம் வெல்டிங் செய்தாயோ அவ்வளவு பணம். ஒரு வருஷம் இழுத்த கப்பல் மாதக்கணக்கில் இறங்கியது. நார்வேக்காரர்களும் கிரேக்கர்களும் வந்து பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக யார்டை வைத்திருக்கிற அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் இந்த யோசனை வரவில்லை. அதனால் இந்தச் சந்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, முதலில் ஃபோர்மேன் தொப்பியும் பிறகு மேலே நாற்காலியும் கொடுத்தார்கள். நம் தெருவிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன ஒரே ஆள். ஹன்னாவும் லிலியஸும்தான் அவர் கட்டியதிலேயே வேகமாகக் கட்டியவை. லிலியஸ் நீரில் இறங்கிய அன்று நீயும் நானும் எத்தனை பெருமையாக நின்றோம்.

“அடிக்கோல் வச்சா மேல தெரியிற நீளத்தைத்தான் அளக்கும் நெட்டா. ஆழத்துக்கு யாரும் கூலி போடல. நானும் போடல” என்றார் அப்பா.

எப்படி நடந்தது என்பதையும் சொன்னார். கப்பலை இறக்க, கடல் நீர் ஏறுகிற நாளாகப் பார்த்துக் குறித்தாகிவிட்டது. குளிரில் தகடுகள் சரியாகப் பொருந்தவில்லை. நடுவே கட்டைவிரல் போகிற இடுக்கு. முறையாக அதை நிரப்புவதென்றால் வரி மேல் வரியாக உருக்கி ஊற்ற அரை நாள் போகும், ஒரு அடிக்கான கூலிதான் கிடைக்கும். உள்ளே நாலு குச்சியைத் திணித்து மேலே இழுத்துவிட்டால் சாப்பாட்டுச் சங்குக்கு முன்னால் முடிந்துவிடும். யார் செய்தது என்று கேட்டேன். “எல்லாரும்தான். ஒருத்தனும் கெட்டவன் இல்ல. அவசரம்னு கத்தினது நான்” என்றார். கப்பலைச் சோதிக்கிற சர்வேயரும் தட்டிப் பார்த்து முத்திரை வைத்துவிட்டார். மேலே பார்த்தால் அழகான தையல்தானே.

இப்போது பெல்லாவைப் பற்றிச் சொல்கிறேன். அவள் வீட்டுக்காரன் டாம் அந்த வெல்டர் கூட்டத்தில்தான் இருந்தான். நம் படிக்கட்டில் முதன்முதலாக டெலிவிஷன் வாங்கியது அவர்கள்தானே. அதை ‘லிலியஸ் வாங்கிக் கொடுத்த பெட்டி’ என்றே சொல்வார்கள். நேற்றுக் காலை தந்தியாபீசுக்குப் போக வேண்டியிருந்தது, கிர்ஸ்டியை அங்கே விட்டேன். டாம் இருமலோடு வீட்டில் இருந்தான். அவளை மடியில் வைத்துக்கொண்டு, “உங்கப்பன் கடல்ல சொகுசா சுத்துறான், உனக்குப் பால் காய்ச்சுறது நானு” என்று ராகம் போட்டுப் பாடினான். நான் அவன் கைகளையே பார்த்தேன். அந்தக் கைதானா, பக்கத்துக் கையா, எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் யார்டு முழுக்கப் பரவியிருக்கும். பெல்லா எனக்கு டீ ஊற்றினாள். குடித்தேன். வேறு என்ன செய்வது?

தந்தியைப் பற்றி. உனக்கு அது கிறுக்குத்தனமாக இருந்திருக்கும். வயர்லெஸ்காரர் படிப்பார், கேப்டன் படிப்பார் என்று யோசித்து யோசித்து, ‘அடித்தளத் தையல்களைப் பார், கேப்டனிடம் சொல்’ என்று மட்டும் எழுதினேன். அதைப் படித்த தந்தியாபீஸ் பெண்மணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “புருஷனுக்கு வேலை சொல்லித்தர்ற பொண்டாட்டி இந்த ஊர்ல நீ முதல் ஆள் இல்லம்மா” என்றாள். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் உன் பதில் வந்தது. ‘கப்பல் திடம். கேப்டன் சிரித்தார். பயமேன். கட்டியது உன் அப்பா.’

அந்தக் கடைசி வரியை அப்பாவிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன். நீ அவரை எவ்வளவு நம்புகிறாய் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். படித்துவிட்டு அதை நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார், இனி மடிக்க முடியாது என்னும்வரை மடித்துக்கொண்டே இருந்தார்.

அவர் சும்மா இருந்துவிட்டார் என்று நினைக்காதே. முதலில் பேசாமல்தான் இருந்தார், அதை மறைக்கமாட்டேன். ஹன்னாவைப் பார்த்துவிட்டு வந்ததும் யார்டு சேர்மனிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு கப்பலுக்கும் முதலாளியான கிழவர் டன்பார் புதிதாக இன்னும் இரண்டு கப்பலுக்குக் கையெழுத்துப் போடப் போகிற நேரம். அது முடியட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்று சேர்மன் சொல்லிவிட்டார். அந்த இரண்டு கப்பல் இல்லையென்றால் வசந்தத்துக்குள் யார்டில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அதனால்தான் வியாழக்கிழமை என்னிடம், “இப்போதைக்கு ரோரிக்கு எழுதாத கண்ணு. அவன் ஆளுங்ககிட்ட சொன்னா, அவங்க நார்விக்ல இறங்கி நடந்துருவாங்க, பேப்பர்ல வந்துரும், நாலாயிரம் குடும்பம்” என்றார்.

அம்மாவிடமும் அதையே சொல்லியிருக்கிறார். உனக்குத்தான் அம்மாவைத் தெரியுமே. கயிற்று ஆலையில் வேலை பார்த்தவள், மேட்டு வீட்டுக்குக் குடிபோய் இத்தனை வருஷமாகியும் பின்வாசல் வழியாகவே போய் வருகிறவள், யார்டு விஷயத்தில் ஒரு நாளும் வாய் திறக்காதவள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, “நாலாயிரம் நாலாயிரம்னு எண்ணுறியே எக், அந்தக் கப்பல்ல இருக்கிறவங்களை எதுல எண்ணுவ?” என்று கேட்டாளாம். பிறகு அவர் முன்னால் தட்டை வைக்கவில்லை. தானும் சாப்பிடவில்லை.

மறுநாள், நான் தந்தியாபீசில் நின்ற அதே காலையில், அப்பா கிளாஸ்கோவுக்குப் போய் டன்பாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். குச்சியையும் காட்டினார். டன்பார் கோபப்படவில்லை, டீ வரவழைத்தார். கப்பல் கடலில் இருக்கிறது, சர்வேயர் முத்திரை இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது. பாதிக் கடலில் திருப்பினால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் ஹன்னாவுக்கும் லிலியஸுக்கும் யார் சரக்கு கொடுப்பார்கள் என்று கேட்டார். “இரும்புத் தாது ஏத்திக்கிட்டு வரட்டும் கார்ஸ்வெல். வந்ததும் உலர்துறையில ஏத்தி நிதானமாப் பாப்போம்” என்றார். அப்பா யார்டுக்குத் திரும்புவதற்குள் அவர் சேர்மனுக்குப் போன் போட்டுவிட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நீண்ட ஓய்வு வேண்டும் என்று முடிவாகிவிட்டது. மாடிப்படியில்கூட ஏறவிடவில்லை. கிளாஸ்கோவுக்குக் கிளம்பும் அவசரத்தில் எடுக்க மறந்த தொப்பி மேலே ஆணியிலேயே இருக்கிறது. மழையில் வெறுந்தலையோடு நடந்து வந்தார். பெல்லா இன்று, “உங்கப்பாவுக்கு நெஞ்சுவலியாமே? யார்டே பேசுது. பாவம், அந்த மனுஷன் எங்களுக்காக எவ்வளவு உழைச்சாரு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

சர்வேயர்களின் லண்டன் அலுவலகத்துக்கும் அப்பா எழுதிப் போட்டிருக்கிறார். சனி, ஞாயிறு யாரும் இருக்கமாட்டார்கள். திங்கட்கிழமை ஒரு குமாஸ்தா உறையைக் கிழித்து, ஒரு கூடையில் வைத்து, அந்தக் கூடை ஒரு மேஜைக்குப் போய்ச் சேருவதற்குள் நீங்கள் தாது ஏற்றி முடித்திருப்பீர்கள். கேப்டனுக்கு அவர் பெயரில் தந்தி கொடுத்தால் என்ன என்று கேட்டேன். ஓய்வில் அனுப்பப்பட்ட நோயாளி கொடுக்கிற தந்தியை எந்தக் கேப்டன் மதிப்பார் என்றார். அதையும் கொடுத்துப் பார்த்தோம். பதில் இல்லை. வாழ்நாளெல்லாம் இவர் ஒரு விரலை அசைத்தால் கிரேன் திரும்பும். இப்போது வாய்விட்டுக் கத்துகிறார், ஒன்றும் நகரவில்லை.

அதனால் இனி நீதான். அப்பா இன்று, “எழுது” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தாது ஏற்றத் தொடங்குவதற்கு முன்னால், நடுச் சரக்கறைக்குள் இறங்கு. இடது பக்கச் சுவர் அடித்தளத்தோடு சேருகிற மூலை. கடைசியாக, அவசரத்தில் பொருத்திய தகடு அங்கேதான் இருக்கிறது. உளியால் பெயின்டைச் சுரண்டி, தையலைக் கொத்து. மேல் ஓடு உடைந்து உள்ளே குச்சி தெரிந்தால், ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கேப்டனின் மேஜையில் போடு. அதைப் பார்த்த பிறகு எந்தக் கேப்டனும் சரக்கு ஏற்றமாட்டான். காலியாகப் போகும்போது தாங்குகிற தையல் பாரம் ஏறினால் தாங்காது, அதுவும் இந்தக் குளிரில் இரும்பு கண்ணாடி மாதிரி என்று அப்பா சொல்கிறார். குச்சி தெரியாவிட்டால்? அங்கே இல்லாவிட்டால் வேறெங்கே இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

இனி எழுதுவது அப்பா சொன்னது இல்லை, நான் சொல்வது. குச்சி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கேப்டன் நம்பினாலும் சிரித்தாலும், நீ நார்விக்கில் இறங்கிவிடு. அங்கிருந்து ஸ்வீடனுக்கு ரயில் உண்டு, பள்ளிக்கூட அட்லஸை எடுத்துப் பார்த்துவிட்டேன். எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். கப்பலோடு முதல் வருஷம் போகிற யார்டு என்ஜினியர் பாதியில் இறங்கினால் அது யார்டையே காறித் துப்பியது போல என்று நீ சொல்வாய். துப்பு. மற்றவர்களை விட்டுவிட்டு எப்படி என்பாய். நீ அப்படித்தான் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் யாருடைய அப்பாவும் மேனேஜிங் டைரக்டர் இல்லை. அதனால் அவர்களில் ஒருவருக்கும் இப்படி ஒரு கடிதம் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது, ரோரி. கல்லூரியில் படித்தேன், பிள்ளைகளுக்கு நியாயமும் நேர்மையும் சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் உன்னை மட்டுமாவது என்றுதான் எழுதுகிறேன். எல்லோரிடமும் சொல். எல்லோரையும் கூட்டிக்கொண்டு இறங்கு. ஒருவரும் வரவில்லையென்றால் நீ மட்டும் இறங்கு.

வானொலியில் வடகடலுக்குப் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். நீங்கள் இப்போது எந்த இடத்தில் இருப்பீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தார், மனதுக்குள் கணக்குப் போட்டார், பிறகு தெரியவில்லை என்றார். அவருக்குத் தெரியும். கிர்ஸ்டியின் தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது ஒரு வரி எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினேன். “நான் என்னத்த எழுத? அவன் என்னை நம்புறானே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். விடிந்ததும் விமான நிலையத்துக்கே போய்த் தன் கையால் சேர்க்கிறாராம்.

நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால் கப்பல் கரையோரம் கட்டியிருக்கிறது, உன் காலுக்குக் கீழே இன்னும் ஏணி இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரிய வேண்டாம். ‘கிடைத்தது’ என்று ஒரே ஒரு சொல் தந்தி கொடு.

கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். கிர்ஸ்டியின் முத்தமும் என்னுடையதும். உடனே இறங்கு. இறங்கும்போது மட்டும் அவசரப்படாதே. பனியில் படி வழுக்கும், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கு.

உன்,
நெட்டா